அட்டைக் குழாயை இகழ்வோர்க்கு: மலிவு ராக்கெட் பற்றிய ஒரு மறுப்பு

குமரி மாவட்டத்தில் ராக்கெட் பற்றிய பேச்சு பெருமிதத்தில் தொடங்கிப் பெருமிதத்திலேயே முடிந்துவிடுவது வழக்கமாகிவிட்டது. நாகர்கோவிலில் பிறந்து விகாஸ் எந்திரத்தின் உருவாக்கத்தில் முன்னின்ற நம்பி நாராயணன், சரக்கல்விளையில் பிறந்து 2018 முதல் 2022 வரை இஸ்ரோவின் தலைவராக இருந்த கே. சிவன், மேலக்காட்டுவிளையில் பிறந்து 2025 ஜனவரியில் அதே பொறுப்பை ஏற்ற வி. நாராயணன் ஆகியோரின் பெயர்கள் மேடைகளில் சொல்லப்படுகின்றன, கைதட்டல் எழுகிறது, பேச்சு அடுத்த பொருளுக்குப் போய்விடுகிறது. இந்தப் பெருமிதத்தின் அடியில், யாரும் எடுத்து ஆராயாத ஒரு கருத்து உறைந்து கிடக்கிறது. ராக்கெட் என்பது கோடிக்கணக்கில் செலவழிக்கும் அரசின் வேலை. பொறியியல் பட்டம் பெற்று இஸ்ரோவின் மையங்கள் இருக்கும் மகேந்திரகிரிக்கோ வலியமலைக்கோ போய்ச் சேர்ந்த பிறகே ஒருவர் அதைத் தொடலாம். வீட்டில் கிடக்கும் அட்டையையும் ஒட்டுப்பலகையையும் குடைத் துணியையும் வைத்து ஒரு மாணவர் செய்வது வெறும் விளையாட்டு, விளையாட்டைத் தாண்டினால் விபத்து என்பதே அந்தக் கருத்து. ஆசிரியர்களும் பெற்றோரும் அதிகாரிகளும் ஒருங்கே ஒப்புக்கொள்ளும் இக்கருத்து, கேட்பதற்கு எச்சரிக்கை போல ஒலித்தாலும், அடிப்படையிலேயே தவறானது.

தவறு எங்கே நேர்கிறது என்றால், ராக்கெட்டின் உடலையும் அதன் மோட்டாரையும் ஒரே பொருளாகக் கருதுவதில்தான். மாதிரி ராக்கெட் என்பது இரு வேறு பகுதிகளால் ஆனது. காற்றைக் கிழித்துச் செல்லும் குழாய், முனைக்கூம்பு, வால்சிறகுகள், மீண்டு இறங்க உதவும் பாராசூட் ஆகியவை சேர்ந்தது உடல். எரிபொருளும் ஆக்சிஜனைத் தரும் பொருளும் திண்மமாகக் கலந்து அடைக்கப்பட்டு, எரிந்து, வளிமத்தைப் பின்னோக்கிப் பீச்சும் சிறு உருளை மோட்டார். ஒரு மோட்டாரின் ஆற்றல் அதன் மொத்தக் கணத்தாக்கால், அதாவது விசையையும் அது நீடிக்கும் நேரத்தையும் பெருக்கி வரும் நியூட்டன்-வினாடி என்னும் அளவால் குறிக்கப்படுகிறது. ‘ஏ’ வகையின் உச்சம் 2.5 நியூட்டன்-வினாடி, அடுத்த ஒவ்வோர் எழுத்துக்கும் அந்த உச்சம் இரட்டிக்கும், 160-ஐத் தாண்டியதும் ‘எச்’ வகை தொடங்குகிறது, அங்கிருந்து மேலே உள்ளவையே உயர்திறன் ராக்கெட்டுகள் எனப்படுகின்றன. விலையும் ஆபத்தும் சட்டச் சிக்கலும் ஏறத்தாழ முழுவதும் மோட்டாரில்தான் இருக்கின்றன. மாணவர் கற்க வேண்டிய பொறியியலோ பெரும்பகுதி உடலில் இருக்கிறது. இந்த ஒரு பிரிவினையைச் செய்துகொள்ளாதவர்கள், மோட்டாருக்கு உரிய அச்சத்தை அட்டைக் குழாயின் மேல் ஏற்றி, அதைத் தொடவே கூடாது என்று தீர்ப்புச் சொல்லிவிடுகிறார்கள்.

வீட்டுப் பொருட்கள் ஏழையின் மாற்று ஏற்பாடு, உண்மையான ராக்கெட்டுக்கு உலோகம்தான் வேண்டும் என்பது இத்தரப்பின் முதல் வாதம். ஆனால் அமெரிக்காவில் பல பத்தாண்டுகளாக நடைமுறையில் உள்ள மாதிரி ராக்கெட் பாதுகாப்பு விதிகள் இதற்கு நேர்மாறாகச் சொல்கின்றன. சிறிய ராக்கெட்டின் உடல் எடை குறைந்த, உலோகமல்லாத பொருட்களால் மட்டுமே ஆனதாக இருக்க வேண்டும் என்பது விதி. உயர்திறன் ராக்கெட்டுக்கும் காகிதம், மரம், ரப்பர், பிளாஸ்டிக், கண்ணாடியிழை ஆகியவற்றைச் சொல்லிவிட்டு, தவிர்க்க முடியாத இடத்தில் மட்டும் நொறுங்காமல் வளையும் தன்மையுள்ள இலகுவான உலோகத்தை அவை அனுமதிக்கின்றன. காரணம் எளிது. மோட்டார் பழுதாகி வெடித்தால் காகிதக் குழாய் கிழியும், இரும்புக் குழாய் சில்லுகளாய்ச் சிதறும். பாராசூட் விரியாமல் விழுந்தால் அட்டை நசுங்கும், இரும்பு ஈட்டியாய் இறங்கும். மைசூர்ப் படையினர் 1780-இல் காஞ்சிபுரத்தை அடுத்த பொள்ளிலூரில் ஆங்கிலேயர் மீது ஏவிய ராக்கெட்டுகள் இரும்புக் குழாயில் அமைந்தவை என்பது உண்மையே. அவை போர்க்கருவிகள். அங்கே வெடிமருந்தை அடைத்த குழாயே உடலாகவும் இருந்தது. உள்ளழுத்தத்தைத் தாங்க இரும்பு தேவைப்பட்டது. எதிரியைக் காயப்படுத்துவதே அதன் வேலையாகவும் இருந்தது. பள்ளி மாணவரின் ராக்கெட்டுக்கு அந்த இலக்கணம் பொருந்தாது. மலிவான பொருளைத் தேர்ந்தெடுப்பது இங்கே வறுமையின் கட்டாயமன்று, பாதுகாப்பின் முதல் விதி.

அட்டை தாங்குமா என்ற ஐயத்தை எண்களைக் கொண்டே தீர்க்கலாம். 75 மி.மீ. விட்டமும் மோட்டாரோடு சேர்த்து 1.5 கிலோ எடையும் கொண்ட ஒரு ராக்கெட், 150 நியூட்டன் சராசரி உந்துவிசையை 1.6 வினாடி தரும் ‘எச்’ வகை மோட்டாரில் மேலெழுவதாகக் கொள்ளலாம். குழாய்ச் சுவரின் கனம் 1.5 மி.மீ. என்றால் அதன் வெட்டுமுகப் பரப்பு சுமார் 350 சதுர மில்லிமீட்டர். உந்துவிசை முழுவதையும் அந்தச் சுவரே சுமப்பதாக வைத்துக்கொண்டாலும், ஒரு சதுர மில்லிமீட்டருக்கு வருவது அரை நியூட்டனுக்கும் குறைவு, 50 கிராம் எடைகூட இல்லை. ராக்கெட் வினாடிக்கு 135 மீட்டர் என்ற உச்ச வேகத்தை எட்டும்போது அதன் மேல் காற்று செலுத்தும் எதிர்ப்பு சுமார் இரண்டரைக் கிலோ எடைக்குச் சமம். நன்றாகச் சுற்றி ஒட்டிய காகிதக் குழாய்க்கு இவை சுமையே அல்ல. ஆலைகள் நூற்றுக்கணக்கான கிலோ எடையுள்ள காகித உருளைகளையும் துணிச் சுருள்களையும் இத்தகைய குழாய்களின் மேல்தான் சுற்றி வைக்கின்றன. இதே ராக்கெட் சுமார் 600 மீட்டர் உயரம் செல்லும் என்பதும் அதே கணக்கின் தொடர்ச்சி. பதினோராம் வகுப்பு இயற்பியலைத் தாண்டாத இந்தக் கணக்கைப் போட்டுப் பாராமலேயே அட்டையை இகழ்வது அறிவியலின் பெயரால் செய்யப்படும் அறிவியல் மறுப்பு.

குமரிக் கடற்கரையில் உள்ள முட்டத்தை எடுத்துக்கொண்டால், அந்த ஊரின் கரையிலும் கடைத்தெருவிலும் ராக்கெட்டின் உடலுக்குத் தேவையானவை ஏற்கெனவே கிடக்கின்றன. ஃப்ளெக்ஸ் பேனர் அச்சிடும் கடைகளில் சுருள் தீர்ந்ததும் எஞ்சும் அட்டைக் குழாய் ஏறத்தாழ 75 மி.மீ. உள்விட்டம் கொண்டது, ஆனால் அதன் சுவர் தடித்தது, 5 மி.மீ. கனம் இருந்தால் மீட்டருக்கு ஒரு கிலோவை நெருங்கும், ஆகவே அதை அப்படியே பயன்படுத்துவது வீண். குடிநீர்க் குழாய்க் கடையில் கிடைக்கும் 75 மி.மீ. பி.வி.சி. குழாயை அச்சாக வைத்து, அதன் மேல் ஒட்டாத பிளாஸ்டிக் தாளைச் சுற்றி, பழுப்புக் காகிதப் பட்டைகளை ஃபெவிகால் தடவிச் சாய்வாக, ஓர் அடுக்கு வலமும் அடுத்தது இடமுமாகச் சுற்றி, காய்ந்தபின் உருவி எடுத்தால் மீட்டருக்குக் கால் கிலோ எடையுள்ள குழாய் கிடைக்கும். கடற்கரையின் ஈரக்காற்றில் காகிதம் நெகிழ்ந்துவிடும் என்பதால் அதன் மேல் வார்னிஷோ ரெசினோ பூசியாக வேண்டும். ஃபைபர் வள்ளங்களைப் பழுதுபார்க்கும் இடங்களில் கண்ணாடியிழைப் பாயும் ரெசினும் துண்டு துண்டாக மிஞ்சுகின்றன. மரைன் பிளைவுட் என்னும் கடல்நீர் தாங்கும் ஒட்டுப்பலகையின் சிறு துண்டுகள் வால்சிறகுக்குப் போதும். மீன் அனுப்பும் தெர்மகோல் பெட்டியைச் செதுக்கினால் முனைக்கூம்பு ஆகும். அதன் மேல் ஃபைபர் ஒட்ட விரும்புவோர் ஒன்றைக் கவனிக்க வேண்டும், படகுக்குப் பூசும் பாலியெஸ்டர் ரெசினில் உள்ள ஸ்டைரீன் தெர்மகோலைக் கரைத்துக் குழியாக்கிவிடும், ஆகவே முதலில் காகிதமும் ஃபெவிகாலும் கொண்டு அதை முழுமையாக மூடிவிட வேண்டும். தூண்டில் கயிறு முறுக்கிக்கொள்ளாதிருக்க மீனவர் பூட்டும் சிறு உலோகச் சுழலியை, உலகெங்கும் மாதிரி ராக்கெட் செய்வோர் பாராசூட் கயிறு முறுக்காதிருக்க அப்படியே எடுத்தாள்கிறார்கள்.

கையிலுள்ள மலிவான பொருளைக் கொண்டு நுட்பமான கலம் செய்வது இந்தக் கரைக்குப் புதிதும் அல்ல. கட்டுமரத்துக்கு ஏற்ற பருத்த மென்மரங்கள் அரிதாகி விலையேறிய காலத்தில், 1970களிலும் 1980களிலும், கோட்டாறு சமூக சேவைச் சங்கத்தின் முயற்சியில் முட்டத்தில் இயங்கிய படகுகட்டும் கூடமும் அங்கே உழைத்த பெல்ஜியப் பொறியாளர் பியர் ஜில்லேயும் ஒட்டுப்பலகையால் படகு செய்யும் வழியை மீனவரோடு சேர்ந்து தேடினார்கள். பலகைகளைக் கம்பியால் தைத்து, இணைப்புகளைக் கண்ணாடியிழையும் ரெசினும் கொண்டு அடைக்கும் முறை இப்படித்தான் இக்கரையில் வேரூன்றியது. அலையடிக்கும் திறந்த கரையில் இறங்கி ஏற வேண்டிய கலம் அது. ஒவ்வொரு நாளும் உயிரைப் பணயம் வைத்து அது சோதிக்கப்பட்டது. சிறு படகுத் தொழில்நுட்பத்தின் இடர்களையும் வெற்றியையும் பற்றி ஜில்லே 1985-இல் ஒரு நூலே எழுதினார். ஒட்டுப்பலகையும் ரெசினும் கடலுக்குத் தகுதியான பொறியியல் என்றால், அவையே வானுக்குப் போகும்போது மட்டும் விளையாட்டுச் சாமான் ஆகிவிடும் என்று வாதிடுவதற்கு எந்த அடிப்படையும் இல்லை.

செய்யப்பட்ட உடல் நேராகப் பறக்குமா என்பதே அடுத்த கேள்வி, ராக்கெட் கல்வியின் இதயமும் அதுவே. ராக்கெட்டின் எடை முழுவதும் சமன்கொள்ளும் இடம் ஈர்ப்பு மையம். காற்றின் பக்கவாட்டு விசை முழுவதும் திரண்டு செயல்படுவதாகக் கொள்ளத்தக்க இடம் அழுத்த மையம். ஈர்ப்பு மையம் அழுத்த மையத்துக்கு முன்னே, குறைந்தது குழாயின் ஒரு விட்ட அளவு தள்ளி இருந்தால் ராக்கெட் தன்னைத் தானே நேராக்கிக்கொள்ளும். பின்னே போனால் வானில் கரணமடிக்கும். முதல் மையத்தைக் காண மோட்டார் பொருத்திய ராக்கெட்டை ஒரு கயிற்றில் கிடையாகத் தொங்கவிட்டாலே போதும். இரண்டாவதை 1960களில் ஜேம்ஸ் பாரோமேன் வகுத்த சமன்பாடுகளைக் கொண்டு பள்ளி மாணவரே கணக்கிடலாம். அதைப் போலவே ஏவுதண்டவாளத்தின் நீளமும் கணக்குக்கு உட்பட்டது. மேற்சொன்ன ராக்கெட் 2.4 மீட்டர் தண்டவாளத்தை விட்டு நீங்கும்போது வினாடிக்கு 20 மீட்டருக்குச் சற்று மேலான வேகத்தில் இருக்கும். வால்சிறகுகள் வேலைசெய்ய வினாடிக்கு 15 மீட்டராவது வேண்டும் என்பது நடைமுறை விதி. பாராசூட்டுக்கு, மழை மிகுந்த இந்த மாவட்டத்தில் எந்த வீட்டிலும் கிடைக்கும் கம்பி ஒடிந்த குடையின் துணி ஏற்றது. ஒரு மீட்டர் விட்டமுள்ள அந்தத் துணி ஒன்றரைக் கிலோ ராக்கெட்டை வினாடிக்கு 6 மீட்டர் வேகத்தில் இறக்கும், அதாவது ஆளுயரத்திலிருந்து கீழே போட்டால் எவ்வளவு அடிபடுமோ அவ்வளவுதான் அடிபடும். இவை எவற்றுக்கும் கோடி ரூபாய் தேவையில்லை. தேவைப்படுவன அளவுகோல், தராசு, பொறுமை, தவறான கணக்கைத் திருத்தித் தரும் ஓர் ஆசிரியர் ஆகியவை மட்டுமே.

இந்த இடத்தில் மறுபக்கத்துப் பிழையையும் மறுக்காமல் விட்டால் வாதம் நேர்மையானதாகாது. உடலை வீட்டில் செய்யலாம் என்றால் மோட்டாரின் எரிமருந்தையும் சமையலறையில் காய்ச்சலாமே என்று ஆர்வலர் சிலர் துணிகிறார்கள். அப்படிச் செய்வதைத் துணிச்சல் என்று புகழும் காணொளிகளுக்கும் குறைவில்லை. இது முற்றிலும் கூடாத செயல். திண்ம எரிபொருள் எரியும் வேகம் அழுத்தத்தோடு கூடும், எரியும் வேகம் கூடினால் அழுத்தமும் கூடும். வளிமம் வெளியேறும் கூம்புவாயின் குறுக்களவும் எரிபரப்பும் சரியாகப் பொருந்தினால்தான் இந்தச் சுழற்சி ஓர் அளவில் நிற்கும். வார்ப்பில் ஒரு மயிரிழை விரிசலோ சிறு காற்றுக் குமிழோ இருந்தால் எரிபரப்பு திடீரென்று பெருகி, அழுத்தம் எல்லை மீறி, மோட்டார் குண்டாகிவிடுகிறது. வெளியே பார்த்து அந்த விரிசலைக் கண்டறிய வீட்டில் வழியில்லை. குழாய்க்கு அச்சாகப் பயன்பட்ட அதே பி.வி.சி. குழாயை மோட்டாரின் உறையாக்கினால் அது கூரிய சில்லுகளாக உடைந்து தசைக்குள் பாயும்.

மேற்கு வர்ஜீனியாவின் கோல்வுட் என்ற சுரங்க ஊரில் 1957-க்குப் பின் ஹோமர் ஹிக்கமும் நண்பர்களும் தாமே மருந்து கலந்து ராக்கெட் செய்து, 1960-இல் அமெரிக்க தேசிய அறிவியல் கண்காட்சியில் பரிசு பெற்ற கதையை இந்த ஆர்வலர்கள் சான்றாகக் காட்டுவதுண்டு. 1999-இல் அது திரைப்படமாகவும் வந்தது. அவர்களுடைய தொடக்க முயற்சியொன்று வீட்டு வேலியைத் தகர்த்தது என்பதையும், சுரங்கப் பட்டறையின் தேர்ந்த கடைசல் தொழிலாளர்கள் அவர்களுக்கு எஃகு வேலை செய்து கொடுத்தார்கள் என்பதையும் சான்று காட்டுவோர் சொல்வதில்லை. அதே காலத்தில் வீட்டு மருந்தால் விரலையும் கண்ணையும் இழந்த சிறுவர்களைப் பற்றி எந்தப் படமும் எடுக்கப்படவில்லை. அந்த இழப்புகளுக்கு மறுமொழியாகத்தான் இன்றைய மாதிரி ராக்கெட் கலையே பிறந்தது. நெப்ராஸ்காவில் செருப்புக்கடை வைத்திருந்த ஓர்வில் கார்லைல் 1954-இல் காகித உடலும், ஆலையில் செய்து ஒருமுறை பயன்படுத்தி எறியும் மோட்டாரும் கொண்ட வடிவத்தை உருவாக்கினார். ஒயிட் சேண்ட்ஸ் ஏவுதளத்தில் பணியாற்றிய ஹாரி ஸ்டைன் அதன் அருமையை உணர்ந்து பரப்பினார். பட்டாசுத் தொழில் செய்த குடும்பத்திலிருந்து வந்த வெர்ன் எஸ்டஸ் அந்த மோட்டாரைச் சீராகச் செய்து தள்ளும் எந்திரத்தை 1950களின் இறுதியில் அமைத்தார். உடல் வீட்டிலிருந்து, மோட்டார் உரிமம் பெற்ற ஆலையிலிருந்து என்ற பங்கீடே இவர்களின் கண்டுபிடிப்பு. அந்தப் பங்கீடு இருக்கும்வரை அட்டைக் குழாயும் பாதுகாப்பும் ஒன்றுக்கொன்று பகையல்ல.

அட்டையை இகழ்வோரிடம் இன்னொரு வாதமும் உண்டு. இந்தியாவின் முதல் ராக்கெட் ஏவுதளமான தும்பாவே எளிமையில் தொடங்கியதுதான், ஆனால் அது அரசின் எளிமை, தனியார் அதைப் பின்பற்ற முடியாது என்பார்கள். மிதிவண்டியில் ராக்கெட் பகுதியைக் கொண்டுபோகும் அந்தப் புகழ்பெற்ற படத்தைக் காட்டியே இது சொல்லப்படுகிறது. 1963 நவம்பர் 21 அன்று தும்பாவிலிருந்து ஏவப்பட்ட நைக்கி-அப்பாச்சி அமெரிக்காவிலிருந்து வந்தது. அதன் தொழில்நுட்பத்துக்கும் மிதிவண்டிக்கும் தொடர்பில்லை. கவனிக்க வேண்டியது நான்காண்டுகளுக்குப் பின், 1967 நவம்பரில் ஏவப்பட்ட, இந்தியாவில் செய்யப்பட்ட ரோகிணி ஆர்.எச்.-75. அதன் விட்டம் வெறும் 75 மி.மீ. பின்னாளில் பி.எஸ்.எல்.வி.யையும் ஜி.எஸ்.எல்.வி.யையும் செய்த நிறுவனம் தன் கையை முதலில் பழக்கியது அந்தச் சிறு குழாயில்தான்.  அப்படியிருக்க, மாணவர் மட்டும் சிறியதைத் தொடாமல் நேரே மகேந்திரகிரியின் சோதனை மேடைக்குப் போக வேண்டும் என்று எதிர்பார்ப்பது முறையற்றது.

ஏவும் இடம் பற்றி எழுப்பப்படும் தடை மட்டும் பாதி நியாயமானது. முட்டத்தின் கரை ராக்கெட் ஏவ ஏற்ற இடம் அல்ல; மலிவு ராக்கெட்டை ஆதரிப்போர் இதை முதலில் ஒப்புக்கொள்ள வேண்டும். 600 மீட்டரிலிருந்து குடைத் துணியில் இறங்கும் ராக்கெட் ஏறத்தாழ 100 வினாடி காற்றில் இருக்கும். வினாடிக்கு 5 மீட்டர் மென்காற்று அடித்தாலும் அரைக் கிலோமீட்டர் நகர்ந்து கடலிலோ, கடியபட்டணம் பக்கத்துக் குடியிருப்பிலோ, துறைமுகத்துப் படகுகளின் மேலோ விழும். ஜூன் 1 முதல் ஜூலை 31 வரை மேற்குக் கரையில் மீன்பிடித் தடை இருந்தாலும் அது விசைப்படகுகளுக்கு மட்டுமே; கட்டுமரமும் வள்ளமும் கடலில் இருக்கும். மேலும் அது தென்மேற்குப் பருவக்காற்று பலமாக வீசும் காலம், முப்பந்தல் காற்றாலைகள் ஓயாமல் சுழலும் காலம். ஆனால் செய்யும் இடமும் ஏவும் இடமும் ஒன்றாக இருக்க வேண்டிய கட்டாயம் இல்லை. குலசேகரன்பட்டினத்தைச் சுற்றியும் திசையன்விளைப் பக்கத்திலும் ஆளரவமற்ற செம்மணல் தேரிகள் விரிந்து கிடக்கின்றன; 2024 பிப்ரவரி 28 அன்று குலசேகரன்பட்டினத்தில் இஸ்ரோவின் இரண்டாவது ஏவுதளத்துக்கு அடிக்கல் நாட்டப்பட்டபோது அங்கிருந்து ஒரு ரோகிணி ராக்கெட்டும் ஏவப்பட்டது. காற்று தணிந்திருக்கும் மாசி மாதக் காலை நேரங்களில், அதிகாரிகளின் மேற்பார்வையில், மாணவர்களின் ராக்கெட்டுகளுக்கும் ஆண்டுக்குச் சில நாட்கள் அந்தப் பகுதியில் ஒதுக்க முடியாது என்று சொல்ல யாருக்கும் காரணம் இல்லை.

சட்டம் தடுக்கிறது என்பது கடைசிப் புகலிடம். மோட்டாரில் அடங்கிய மருந்து 1884-ஆம் ஆண்டு வெடிபொருள் சட்டத்துக்கும் 2008-ஆம் ஆண்டு வெடிபொருள் விதிகளுக்கும் உட்பட்டது, அது அப்படித்தான் இருக்கவும் வேண்டும். ஆனால் அச்சட்டம் உரிமம் பெற்று மருந்து செய்வதைத் தடுப்பதில்லை. தடுத்திருந்தால் சிவகாசியே இருக்க முடியாது. பட்டாசுக்குரிய மருந்தை உரிமத்தோடு கையாளும் கைத்திறன் அவ்வூரில் பல தலைமுறைகளாக உள்ளது. அமெரிக்காவில் எஸ்டஸ் குடும்பம் செய்ததை இங்கே செய்யக் கேட்போர் இல்லை என்பதே குறை. தமிழ்நாட்டில் தனியார் ஏவுதல் நடக்காததும் அல்ல. மாணவர்கள் செய்த 150 மிகச்சிறு செயற்கைக்கோள்களைச் சுமந்து 2023 பிப்ரவரி 19 அன்று பட்டிப்புலத்திலிருந்தும், ரூமி-1 என்ற பெயரில் 2024 ஆகஸ்டு 24 அன்று திருவிடந்தையிலிருந்தும் கலப்பு எரிபொருள் ராக்கெட்டுகள் உரிய இசைவோடு கிளம்பியிருக்கின்றன. அவற்றில் மாணவர்களின் பங்கு பெரும்பாலும் உள்ளே வைத்த பொதியோடு நின்றுவிட்டது. அந்தப் பங்கு ராக்கெட்டின் உடலுக்கும் விரிய வேண்டும். அதற்குப் பள்ளிக் கல்வித்துறை செய்ய வேண்டியவை மூன்றே. கடலோரப் பள்ளிகளின் தொழிற்கல்விக் கூடங்களில் காகிதக் குழாய் சுற்றவும் ஒட்டுப்பலகை அறுக்கவும் ஓர் ஆசிரியரை நியமிப்பது, படகு கட்டும் தச்சர்களை மதிப்பூதியம் கொடுத்து அங்கே அழைப்பது, உரிமம் பெற்ற ஆலையின் மோட்டாரை மாணவரிடம் கொடுக்காமல் தேரியில் ஏவும் நாளன்று உரிய அலுவலர் கையாலேயே பொருத்தச் செய்வது. இவற்றில் எதுவும் கோடிகளைக் கேட்கவில்லை. முதலாவதை அடுத்த கல்வியாண்டிலேயே முட்டத்தில் தொடங்கலாம்.